மொபெட்டில் போய்ப் பூத்தட்டுக்கு முன்னால் நின்றேன்

நான் எழுதுவதில் பிழை இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பால் சொசைட்டியில் போட்ட கையெழுத்துதான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. போதாததற்கு மறதி வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பொங்கிப் போனால் பாதியில் எழுந்து போவேன்.

எனக்கு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று கூச்சம். கடையில் போய் உப்பு கேட்பதற்குக்கூட மூன்று பேர் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் நிற்பேன். இன்னொன்று, எதையாவது புதிதாகப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிற வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டேன். கூச்சம் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் கேட்க மாட்டேன். பார்த்துக்கொண்டே நிற்பேன். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். (பள்ளியில் வாத்தியார் அவர் இஷ்டத்துக்கு ஒரு பிறந்த தேதி போட்டார். அதன்படி பார்த்தால் இன்னும் இளசு.) உடுமலைக்குப் பக்கம் கொமரலிங்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும் இரண்டு மாடும் இருந்தன. சந்தையில் திருப்பூர் எக்ஸ்போர்ட்டில் கழித்த பனியன்களைக் குவித்துப் போட்டு விற்பார்கள். அப்படி ஒன்றை மகன் செந்திலுக்கு வாங்கி வந்தேன். அவன் போட்டால் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இதைப் போடுகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறான், அவன் வீட்டு வாசற்படி எவ்வளவு அகலம் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

அதைவிட அந்தப் பனியனின் கை மடிப்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. மேலே பார்த்தால் இரண்டு வரித் தையல், பக்கத்தில் பக்கத்தில், ஒரு நூல்கூடப் பிசகாமல். உள்ளே திருப்பினால் வலை பின்னியது போல இருந்தது. என் வீட்டு மெஷினில் ஒரு வரி நேராகப் போனாலே பெரிய காரியம். ஒரு கையை முழுவதும் பிரித்துப் பார்த்தேன். பிரிந்ததே தவிரப் புரியவில்லை. (அன்றிலிருந்து செந்தில் அதைக் கையில்லாத பனியனாகப் போட்டுக்கொண்டான்.)

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் மைக் கட்டிய வேன் ஒன்று வந்தது. திருப்பூரில் ஒரு கம்பெனியில் பெண்களுக்கு மூன்று மாதம் தையல் ட்ரெய்னிங், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கூட்டம் கலைகிற வரை நின்றுவிட்டு, கடைசி ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கேட்டுக்குள்ளே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைவிட மோசமாக ஒன்று சொன்னார்.

"நீ உடுமலையவே தாண்ட மாட்டே அம்மிணி. சாயங்காலம் பால் பீச்ச வந்துருவே."

அதற்காகவே போக வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த ட்ரெய்னிங் கிடைக்காவிட்டால் இரண்டு வரித் தையல் மட்டும் தெரியாமல் போகாது, இந்த ஒரு வார்த்தையைச் சாகிற வரைக்கும் கேட்க வேண்டும்.

பேர் கொடுத்த மற்ற பெண்களைக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமையே கம்பெனி வேன் வந்தது. எல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஊரே நின்று வேடிக்கை பார்க்க, நான் மட்டும் அவர்கள் நடுவில் ஏறி உட்காருவதா? மாட்டுக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டேன். வேன் போய்விட்டது. மறுநாள் விடியக் கருக்கலில் மொபெட்டை எடுத்தேன். தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் தவிர அதை நான் வேறெங்கும் ஓட்டியதில்லை. எழுபது கிலோமீட்டருக்கு மேல், தனியாக. கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற சிறுமுகைப் பட்டு, தலை நிறையப் பூ. துணிப்பெட்டி யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதை ஒரு புண்ணாக்குச் சாக்குக்குள் போட்டு முன்னால் வைத்துக்கொண்டேன். (பட்டுச்சேலையும் புண்ணாக்குச் சாக்குமாக ஒருத்தி போனால்தான் எல்லார் கண்ணிலும் படும் என்பது அப்போது தோன்றவில்லை.)

உடுமலைக்குள் நுழைந்ததும் முதல் கண்டம். அங்கே நங்கையா வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வாசலைத் தாண்டி, இறங்காமல் போய்விட முடியாது. போனால் அடுத்த விசேஷத்தில் பந்தியில் வைத்துக் கேட்பார்.

நங்கையா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி குதிப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்களை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நங்கையா இதிலெல்லாம் மிகவும் கறார். கேட்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு காபி போட உள்ளே போனார்.

நானாகச் சொல்லியிருக்கலாம். நாலு ஏக்கர் தென்னை உள்ள வீட்டு மருமகள் கம்பெனி வேலைக்குப் போகிறாளா என்று அவர் கேட்டுவிட்டால்? வாய் வரவில்லை. காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். செந்தில் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். அவன் கூட வரவில்லையா என்றார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். அவருடைய வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்போம், தேங்காய் லோடோடு அடிக்கடி திருப்பூர் போகிறவர். அவரிடம் மட்டும் மெதுவாக, மங்கலம் ரோட்டில் இன்ன கம்பெனிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன். ஓனர் வீடும் அதே காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது, பெரிய குடும்பம் என்று சொல்லி வழியும் சொன்னார். நங்கையாவும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புதான் வினை. செந்திலுக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. நங்கையாவும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஏறாத வாசல் இல்லை. இப்போது நான் பட்டுக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, பெரிய குடும்பத்துக்கு வழி கேட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரிக்கிறேன். நான் கிளம்பிப் போன பிறகு நங்கையா அண்ணனிடம் சொன்னது இதுதானாம். (அண்ணன்தான் பிற்பாடு சொன்னார்.)

"பாருங்க, பையனுக்குப் பொண்ணு பாக்க ஒத்தையாப் போறா. ஒத்தையாப் போனா காரியம் நடக்குமா? அத்தைக்காரி நான் எதுக்கு இருக்கறேன்? வேனை எடுங்க."

இது எதுவும் எனக்குத் தெரியாது. உடுமலையைத் தாண்டிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நான் குடிமங்கலம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை. அப்படியே போயிருந்தால் எட்டரைக்கெல்லாம் கம்பெனி.

ஆனால் வழியில் காற்றாடி இருந்தது. கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடி. பஸ்ஸில் போகும்போது தூரத்தில் பார்த்திருக்கிறேன். ரோட்டை ஒட்டி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் நின்றால் காற்று மேலே இருந்து வருமா, கீழே இருந்து போகுமா? ஒரு நிமிஷம்தானே என்று மொபெட்டை ஓரம் கட்டினேன்.

அந்தத் தூணுக்கு ஒரு கதவு இருந்தது. வீட்டுக் கதவு மாதிரியே, பூட்டோடு. அதற்கு ஏழெட்டுப் படி. உள்ளே யார் போவார்கள், மேல் வரைக்கும் ஏணியா என்று ஒரு யோசனை. இறக்கையின் நிழல் சோளக்காட்டைத் தாண்டி வந்து என் மேல் விழுந்து போகும். ஒவ்வொரு தடவையும் உஸ்ஸென்று பெரிய ஆள் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். நானும் முதல் நாலைந்து தடவை தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் மேய்ந்த எருமை ஒரு தடவைகூடக் குனியவில்லை. பிறகு, இது சுற்றுவதை எப்படி நிறுத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. நிறுத்துகிற வரை நின்றேன். நிறுத்தவே இல்லை.

அப்போது ரோட்டில் ஒரு வெள்ளை ஆம்னி வேன் பறந்தது. ஜன்னலில் நங்கையா முகம், மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு. ஏதோ விசேஷத்துக்குப் போகிறார்கள் போல, காலையில் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். அவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள். காற்றாடிக்கு அடியில் தேடுவதற்கு அவர்களுக்கு என்ன வந்தது.

திரும்பி வந்தால் மொபெட் கிளம்ப மாட்டேன் என்றது. மிதித்தேன். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். காற்றாடிக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம், அது நிற்க மாட்டேன் என்கிறது, இது கிளம்ப மாட்டேன் என்கிறது. ஒரு வழியாகக் கிளம்பியபோது முந்தானையில் பாதி செயின் மையாக இருந்தது. பல்லடத்தில் லாரிகளுக்கு நடுவில் வழி தவறி, யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரே கோழி வண்டியைப் பின்தொடர்ந்து இரண்டு தடவை அதே சந்திக்கு வந்தேன். மங்கலம் வந்ததும் தெருவெல்லாம் தறிச் சத்தம். அதில் நான் நிற்கவில்லை, சத்தியமாக நிற்கவில்லை, மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் நொய்யல் பாலத்தில் நின்றேன். ஆற்றில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அமராவதியில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை. நாளைக்கு என்ன நிறம் வரும், மீன் எந்த நிறத்தில் இருக்கும் என்று...

சரி. கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றுக்கு மேல்.

வாட்ச்மேன் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் பூ நார் மட்டும் இருந்தது. கன்னத்தில் மை.

"ட்ரெய்னிங்குக்கா? ஒம்பது மணின்னுல்லா சொல்லிருக்கு. இப்ப வந்து நின்னா நான் என்னம்மா செய்ய?"

சாயங்காலம் பால் பீச்ச வந்துருவே என்ற குரல் காதுக்குள் கேட்டது. இங்கிருந்து திரும்பினால் சரியாகப் பால் பீச்சுகிற நேரத்துக்குத்தான் வீடு போய்ச் சேருவேன், அதையும் கணக்குப் போட்டேன். ஒரு வார்த்தை கெஞ்சலாம் என்றால் வாய் திறக்கவில்லை. சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நிற்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

அப்போதுதான் கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்து நிழலில் அந்த வெள்ளை ஆம்னி நிற்பதைப் பார்த்தேன்.

அதற்குள்ளே என்ன நடந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. நங்கையாவும் அண்ணனும் ஒன்பது மணிக்கே ஓனர் வீட்டுக்குள் தட்டோடு போய்விட்டார்கள். ஓனரும் அவர் சம்சாரமும் எங்கள் பக்கத்து மனிதர்கள். வந்தவர்களை, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று எடுத்தவுடன் கேட்டால் மரியாதை இல்லை. வாங்க, உக்காருங்க என்றார்கள். காபி கொடுத்தார்கள். மழை பற்றிப் பேசினார்கள், தேங்காய் பற்றிப் பேசினார்கள். நங்கையாவும், பையனுடைய அம்மா வராமல் பேச்சை எடுக்கக் கூடாது என்று என்னை எதிர்பார்த்து மழை பற்றியே பேசினார். நான் காற்றாடிக்கு அடியில் நிற்கிறேன். இங்கே இரண்டாவது காபி, பிறகு இட்லி, பிறகு மூன்றாவது காபி.

ஓனருக்கு வேர்த்துவிட்டது. பின்பக்கம் போய் ட்ரெய்னிங் டீச்சரைக் கூப்பிட்டு யோசனை கேட்டிருக்கிறார். டீச்சர் ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம், விவரமானவர். ஜன்னல் வழியாகத் தட்டைப் பார்த்தார். பூ, பழம், தேங்காய், வெற்றிலை. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி, நிச்சயம் செய்கிற நேரத்தில் வீட்டை விட்டு ஓடி வந்து இங்கே சேர்ந்துவிட்டாள், வீட்டார் தட்டோடு தேடி வந்துவிட்டார்கள். முன்பு இப்படி ஒரு தடவை ஆகியிருக்கிறதாம். பேசாமல் எல்லாரையும் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுவோம், அவர்கள் ஆளை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

இப்படியாக, வாட்ச்மேனுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது: ட்ரெய்னிங் ஆட்கள் ஒருவர் விடாமல் வரிசைக்கு வர வேண்டும். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் ட்ரெய்னிங்தான? போங்க போங்க, போயி நில்லுங்க. தலை எண்ணுதாவ."

கேட் திறந்தது. நான் போய் வரிசையில் கடைசியாக நின்றேன். எதற்கு வரிசை என்று தெரியாது. சாப்பாட்டுக்காக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை பயந்து அழுதுகொண்டிருந்தாள். என்ன கண்ணு என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவு திறந்து நங்கையா வந்தார். கையில் தட்டு. பின்னால் அண்ணன், ஓனர், ஓனர் சம்சாரம். நங்கையா வரிசையைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டார். அவர் எத்தனையோ இடத்தில் பெண் பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் இத்தனை பெண்களை வரிசையாக நிறுத்திக் காட்டி அவர் பார்த்ததில்லை. பெரிய இடத்துப் பழக்கம் இப்படித்தான் போல என்று நினைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை, ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். கடைசியில் நான். முந்தானையில் மையும், கையில் புண்ணாக்குச் சாக்குமாக.

"ஏங்கண்ணு, எத்தன நேரம் உன்னைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? அந்தப் பக்கம் ஏன் நிக்கறே? இந்தப் பக்கம் வா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், ஆனால் திருப்பூரில் எல்லாம் சிமெண்டுத் தரை. நங்கையா பக்கம் போய் நின்றிருந்தால் அந்த நிமிஷம் மானம் தப்பியிருக்கும். ஏதாவது சொல்லிச் சமாளித்து, வேனில் ஏறி, பால் பீச்சுகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பேன். என்னையும் அறியாமல் உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குள் மெஷின்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு மெஷினில், அடுத்தடுத்து இரண்டு ஊசி. இரண்டு ஊசி. அதுதான் விஷயம்.

"இல்லீங்க நங்கையா," என்றேன். "நான் இந்தப் பக்கந்தானுங்க."

என் வாழ்க்கையிலேயே நாலு பேருக்கு நடுவில் நான் பேசிய முதல் பேச்சு அது. சத்தம் எவ்வளவு வந்ததோ தெரியாது, ஆனால் யாருக்கும் கேட்காமல் போகவில்லை. அண்ணன் இருமினார். ஓனர் என்னையும் பூத்தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்களையா தேடி வந்தீங்க?" என்றார் நங்கையாவிடம்.

நங்கையா முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது எனக்குத் தெரிந்தது. பட்டு, பூ, சாக்கு, வழி கேட்டது, சிரித்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் தரையைப் பார்த்தேன். நங்கையா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆமாங்க. எங்க தம்பி சம்சாரம். மொத மொதலா வேலை பழக வருது. ஒத்தையா உட முடியுங்களா? அதான் முறைப்படி தட்டு வெச்சு உட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

ஓனர் சம்சாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தட்டு எடுத்து வைத்துச் சேர்த்துவிட்ட ஆளை, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாய் என்று எந்த ஓனரால் திருப்பி அனுப்ப முடியும்? கொண்டுவந்த பூவைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது என்று நங்கையா அதைக் கிள்ளிக் கிள்ளி வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டார். அழுத பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசியில் என் தலையில் வைக்கும்போது காதோரம் குனிந்து, "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று கேட்டு, நறுக்கென்று ஒரு கிள்ளும் கொடுத்தார். அந்தக் கிள்ளு இன்னும் வலிக்கிறது.

இரண்டு வரித் தையலின் ரகசியத்தை மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டேன். மேலே இரண்டு ஊசி, அடியில் கொக்கி மாதிரி ஒன்று ஒளிந்துகொண்டு இரண்டு நூலையும் கோத்து வாங்குகிறது. (அது என்னை மாதிரி, முன்னால் வராது.) அந்தப் பெரிய பனியனை யார் போடுகிறார்கள் என்று மட்டும் ஜெசிந்தா டீச்சருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் முடிந்து, அங்கேயே செக்கிங்கில் பல வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தானே பால் பீச்சினார். மாடு உதைத்ததாகச் செந்தில் சொன்னான்.

செந்திலுக்கு அப்புறம் இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பந்தியில் அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்: "எனக்குப் பொண்ணு பாக்கப் போயி எங்கம்மாவுக்கு வேலை பாத்துட்டு வந்தாங்க எங்கத்தை." எங்கள் குடும்பத்தில் இப்போதும் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. என்னை மட்டும் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்பது நங்கையா போட்ட சட்டம். நான் ரேஷன் கடைக்குக் கிளம்பினால்கூடப் போன் வரும்: "இன்னிக்கு எந்தப் பக்கம் நிக்கப் போறே கண்ணு?"

ஒரு உதவி வேண்டும். காற்றாடித் தூணின் கதவுக்கு ஏழெட்டுப் படி என்று எழுதியிருக்கிறேன், அது சரியா என்று குடிமங்கலம் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். தட்டில் வெற்றிலை இருந்ததா, எத்தனை காபி குடித்தார்கள் என்பதெல்லாம் உடுமலையில் நங்கையாவைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் ஒன்றும் மறக்கவில்லை. போகும்போது அவர் பட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் மட்டும், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.